இயந்திரம் கண்ட நிறம்

ஸ்கேன் செய்த சித்திரப் பிரதியின் வர்ணங்களை மென்பொருளால் திருத்துவது வரைந்தவனுக்கு இழைக்கும் துரோகம் என்றும், இயந்திரம் கண்டதை அப்படியே விட்டுவைப்பதுதான் நேர்மை என்றும் ஓவியத்தில் பக்தி மிகுந்த நண்பர்கள் பலர் சொல்லி வருகிறார்கள். அந்தப் பக்தி சித்திரத்தைச் சென்று அடையாமல் இயந்திரத்திடமே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

முதலாவதாக, கை படாத பிரதி என்று அவர்கள் போற்றும் வஸ்து உலகில் இல்லை. ஸ்கேனரின் விளக்கொளி சித்திரத்தில் பட்டுத் திரும்புகையில் அது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாக அளக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வழக்கமாக 256 படிகளுக்குள் அடக்கப்பட்டு, எது வெண்மை, எது கருமை என்பதை ஸ்கேனருடன் வந்த மென்பொருளே தீர்மானித்த பிறகுதான் திரையை வந்தடைகிறது. ஆகவே திருத்தம் முன்பே நிகழ்ந்துவிட்டது; திருத்தியவரோ மூலத்தைக் கண்ணால் கண்டவரல்லர்.

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருந்த சிறிய தஞ்சாவூர்ப் படம் ஒன்றைச் சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேனரில் வைத்தபோது இதை நான் கண்கூடாக அறிந்தேன். மக்கு வைத்து மேடாக்கி, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டிய மண்டபமும் ஆபரணங்களும் திரையில் கறுத்த பழுப்பாய், துருவேறிய தகரத்தைப் போல வந்து நின்றன. காரணம் எளியது: விளக்கு சாய்வாக ஒளி வீச, உணர்கருவி நேர்மேலிருந்து நோக்குவதால், கண்ணாடி போன்ற தங்கம் ஒளியை வேறு திசையில் திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்தப் பழுப்பையா அந்தச் சித்திரகாரர் ஒட்டினார்? பிரதியில் அவ்விடங்களை மட்டும் பிரித்தெடுத்து, படத்தை அருகே வைத்துப் பார்த்துப் பொன்னிறத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. தங்கத்தின் பளபளப்பை எந்த மென்பொருளாலும் மீட்க இயலவில்லை. அதற்கு விளக்கை இடம் மாற்றி வைத்துப் புகைப்படம் எடுப்பதே வழி. நீர்வர்ணச் சித்திரங்களில் வெளிறிய பூச்சுகள் காகிதத்தோடு கரைந்து மறைவதும் இவ்வகைப் பிழையே.

திருத்தத்துக்கு இடம் கொடுத்தால் அவரவர் ருசிக்கேற்ப மாற்றிவிடுவார்களே என்பது அவர்களுடைய அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. ஆனால் ருசிக்கு அணை போட வழி இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும், அளவு தெரிந்த 24 நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையையும் அதே ஸ்கேனரில் பதிவு செய்து, அக்கட்டங்கள் தத்தம் அளவுக்கு வரும்வரை திருத்தி, பின்பு 5000 கெல்வின் விளக்கின் கீழ் மூலத்தையும், முறையாக அளந்து சீர்செய்த திரையையும் ஒப்பிட்டு, முதற்பதிவைத் தனியே பத்திரப்படுத்தினால், திருத்தியவனுடைய ஒவ்வொரு செயலையும் பிறர் பரிசோதிக்கலாம்.

ஒரே பொத்தானில் தானே திருத்தும் வசதியைப் பற்றி அவர்கள் கொள்ளும் கோபம் எனக்கும் உண்டு. காலத்தால் பழுப்பேறிய காகிதத்தை அது குற்றமென்று கருதிச் சுண்ணாம்பு வெள்ளையாக்கி, அந்தப் பழுப்போடு இயைந்திருந்த செம்மையையும் பச்சையையும் நிலைகுலையச் செய்துவிடுகிறது. மூலத்தின் பக்கம் ஒருமுறையும் திரும்பிப் பாராமல் நிகழும் அந்தத் திருத்தத்தைத்தான் அவர்கள் துரோகம் என்று அழைக்க வேண்டும்.