சிறுநீர்ப் புட்டிக்கு வெளியே யாருமே இல்லையா?

2019 ஏப்ரல் 22ஆம் தேதி கத்தார் நாட்டின் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி. பெண்கள் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் வாங்கினார் கோமதி மாரிமுத்து. நம்ம திருச்சி பக்கம் முடிகண்டம்தான் ஊர். அடுத்த ஒரு வாரத்துக்குத் தமிழ்நாட்டில் வேறு பேச்சே இல்லை. ஒரு காலில் ஒரு நிற ஷூ, மறு காலில் வேறு நிற ஷூ என்று அந்தப் போட்டோ எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுற்றியது. மகளுக்குச் சாப்பாடு மிச்சம் வைப்பதற்காக அவருடைய அப்பா மாட்டுத் தீவனத்தைத் தின்றார் என்று பேப்பரில் படித்துவிட்டுக் கண்கலங்கினோம். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சங்களை அறிவித்தன, நடிகர்கள் கொடுத்தார்கள், ஃபிளெக்ஸ் வைத்தார்கள்.

மே மாதம் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிவிட்டார் என்று செய்தி வந்தது. ஃபிளெக்ஸ் இறங்கிவிட்டது. 2020இல் நான்கு வருடத் தடை, தங்கமும் பறிப்பு. அந்தச் செய்தியை எத்தனை பேர் முழுசாகப் படித்தீர்கள்? (கொரோனா நேரம், சரி, மன்னித்தோம்.)

இந்தப் பேச்சு எங்கள் வகுப்பில் எப்போது வந்தாலும் ரெண்டே கட்சிதான். ஒரு கட்சி, "இதெல்லாம் டெல்லிக்காரன் சதி மச்சி, தமிழ்ப் பொண்ணு ஜெயிச்சா பொறுக்காது" என்னும். இன்னொரு கட்சி, "ஏமாத்துக்காரிடா, இவளுக்கெல்லாம் காசு கொடுத்தாங்க பாரு" என்னும். ரெண்டு கட்சியிலும் எனக்கு உறுப்பினர் அட்டை வேண்டாம்.

முதலில் சதிக் கட்சிக்கு. மார்ச்சிலிருந்து மே வரை எடுத்த நான்கு மாதிரிகளில் 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன் இருந்தது. நாண்ட்ரோலோன் என்கிற ஸ்டிராய்டு உடம்பில் உடையும்போது வருகிற சங்கதி அது. நான்கில் ஒன்றை எடுத்தது பாட்டியாலாவில், இன்னொன்றை எடுத்தது தோஹாவில். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தேதியில், வெவ்வேறு ஆட்கள் எடுத்த புட்டியில் ஒரே பொருளைப் போட்டுச் சதி செய்ய வேண்டுமென்றால் அதற்கு நாசா அளவுக்குத் திறமை வேண்டும். நம் விளையாட்டு அலுவலகங்களின் திறமை நமக்குத் தெரியாததா?

ஏமாற்றுக்காரி கட்சிக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் கோமதி கடைசிவரை சொன்னார். அதை நம்பு என்று உங்களைக் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. நாண்ட்ரோலோன் முடிகண்டத்து வரப்பில் முளைக்கிற கீரை இல்லை. அது மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஜிம் பையன்கள் "டெக்கா" என்று செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுவது இதைத்தான். ஆக, அது ஊசியாகப் போயிருந்தாலும் சரி, ஏதோ டப்பாவில் கலந்து போயிருந்தாலும் சரி, வழியில் ஒரு கை இருந்திருக்கிறது. செய்த கை, விற்ற கை, கொடுத்த கை. அந்தக் கைகளில் ஒன்றாவது வெளியே வந்ததா? நான்கு வருடத் தடை, பறிபோன பதக்கம், போன மானம் எல்லாம் ஓடிய ஒருத்தர் தலையில். மற்ற கைகள் அடுத்த பிள்ளைக்கு அடுத்த டப்பாவைத் திறக்கப் போய்விட்டன.

விதி அப்படித்தான் இருக்கிறது. உன் உடம்பில் என்ன கிடைத்தாலும் நீயே பொறுப்பு, எப்படி வந்தது என்பதை நிரூபிக்க வேண்டியதும் நீயே. இந்த விதி ஏன் வந்தது என்று புரிகிறது. இல்லையென்றால் ஆளாளுக்கு "யாரோ ஜூஸில் கலந்துட்டாங்க" என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் பழியைப் பெட்டி கட்டி ஒருத்தர் வாசலில் இறக்கிவிட்டால் மீதிப் பேர் நிம்மதியாகத் தூங்கலாம் என்கிற வசதியையும் அதே விதி கொடுத்துவிட்டது.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். பாட்டியாலாவில் ஃபெடரேஷன் கோப்பையின்போது கோமதியிடம் மாதிரி எடுத்தது மார்ச் 18. தோஹா ஓட்டம் ஏப்ரல் 22. இடையில் முப்பத்தைந்து நாள். அந்த முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார், தங்கமும் இல்லை, மாலையும் இல்லை, பிறகு இந்த அசிங்கமும் இல்லை. முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று தடகள சம்மேளனமே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம், அதான் நாடாவிடம், அப்போது வருத்தப்பட்டது. சொல்லவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் டெல்லியில் இருக்கிற தேசியப் பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தையே, சர்வதேசத் தரத்தில் இல்லை என்று உலக அமைப்பான வாடா நிறுத்தி வைத்தது. மறுபடியும் அது கிடைத்தது 2021 டிசம்பரில். இதற்காக அங்கே யாருக்காவது நான்கு வருடத் தடை என்று கேள்விப்பட்டீர்களா?

இந்த இடத்தில் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் ஊக்கமருந்து விஷயத்தில் உலகத்துக்கே பாடப்புத்தகம் அந்த விளையாட்டுதான். நாம் பள்ளிக்கூடத்துக்கு மிதித்த சைக்கிள் இல்லை, மூன்று வாரம் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மலையும் மடுவுமாக ஓடுகிற டூர் டி பிரான்ஸ். 1967லேயே டாம் சிம்சன் என்ற ஆங்கிலேய வீரர் மான் வாந்து மலையில் ஏறும்போதே விழுந்து செத்தார். வெயிலும் ஆம்ஃபெடமைனும் சேர்ந்து கொன்றது. அதற்குப் பிறகு சோதனை, தடை, கண்ணீர், மறுபடி சோதனை என்று முப்பது வருடம் ஓடியது. பிடிபட்டவன் கெட்டவன், பிடிபடாதவன் உத்தமன். நம்ம ஊர் கதைதான்.

உண்மை வெளியே வந்தது எந்தப் புட்டியிலிருந்தும் இல்லை. 1998 ஜூலை 8ஆம் தேதி பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் நுழைந்த ஒரு காரைச் சுங்கத்துறை நிறுத்தியது. ஃபெஸ்டினா அணியின் கார். ஓட்டி வந்தவர் வில்லி வூட், அணியின் மசாஜ்காரர். வண்டிக்குள் ஈ.பி.ஓ. (ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டுகிற மருந்து), வளர்ச்சி ஹார்மோன் என்று ஒரு மெடிக்கல் ஷாப்பே இருந்தது. விசாரிக்க விசாரிக்க, மருந்து வாங்கக் கணக்கு வழக்கு வைத்து அணியே நடத்திய ஏற்பாடு என்று தெரிந்தது. அந்த அணி வீரர்கள் அதுவரை சோதனைகளில் தேறிக்கொண்டுதான் இருந்தார்கள்! 2000ஆம் வருடம் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களில் அணியின் இயக்குநரும் அந்த மசாஜ்காரரும் இருந்தார்கள். காரின் பின்பக்கத்தைத் திறந்ததால் வந்த நியாயம் அது.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதையும் அப்படித்தான். ஏழு டூர் பட்டங்கள் 2012இல் பறிபோனதுக்கு முக்கியக் காரணம் கூட ஓடிய சக வீரர்கள் கொடுத்த வாக்குமூலம். அதில் ஆம்ஸ்ட்ராங்கோடு நிற்காமல் மிக்கேலே ஃபெராரி என்ற டாக்டருக்கு ஆயுள் தடை, மேலாளர் யோகான் புரூனேலுக்குப் பத்து வருடம், பிறகு 2018இல் அதுவும் ஆயுள் தடையாக மாறியது. 2019இல் ஜெர்மனியில் எர்ஃபர்ட் நகர டாக்டர் ஒருவர் பனிச்சறுக்கு வீரர்களுக்கும் சைக்கிள் வீரர்களுக்கும் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்ததைப் போலீஸ் பிடித்தது. 2021 ஜனவரியில் அந்த டாக்டருக்கு நான்கு வருடம் பத்து மாதம் ஜெயில். நிஜ ஜெயில்.

இதனால் சைக்கிள் பந்தயம் புனிதமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் எவனாவது மலையில் கொஞ்சம் வேகமாக ஏறினால், வாட் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "இது மனுஷ கால் இல்லை" என்கிறார்கள். ஆதாரமே இல்லாமல். பழைய கடன், வட்டி கட்டுகிறார்கள். பணக்கார அணிக்கும் ஏழைக்கும் அங்கேயும் வித்தியாசம் உண்டு. 2017இல் கிறிஸ் ஃப்ரூமின் மாதிரியில் ஆஸ்துமா மருந்து சால்பியூட்டமால் வரம்பைப் போல ரெண்டு மடங்கு வந்தது. வக்கீல், விஞ்ஞானி என்று ஒரு படையே வேலை செய்தது, 2018 ஜூலையில் வழக்கை முடித்துவிட்டார்கள். விதிப்படி அவர் குற்றமற்றவர், அதில் எனக்குத் தகராறு இல்லை. எப்படி வந்தது என்பதை நீயே நிரூபி என்கிற விதி, நிரூபிக்கக் காசு உள்ளவனுக்கு ஒரு மாதிரியும் முடிகண்டத்துக்கு ஒரு மாதிரியும் வேலை செய்யும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது இந்தியாவுக்கு வாருங்கள். 2010 டெல்லி காமன்வெல்த், குவாங்சோ ஆசிய விளையாட்டு ரெண்டிலும் பெண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம். 2011இல் அந்தத் தேசிய முகாமிலிருந்து மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஷ்வினி அக்குஞ்சி உட்பட ஆறு பெண்கள் ஸ்டிராய்டில் மாட்டினார்கள். உக்ரைன் பயிற்சியாளர் யூரி ஓகோரோட்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்த ஜின்செங் மாத்திரையில் கலப்படம் இருந்திருக்கிறது என்றார்கள். அமைச்சர் அஜய் மாக்கன் பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கினார். நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு. பெண்களுக்கு முதலில் ஒரு வருடத் தடை, பிறகு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை ரெண்டாக்கியது.

அப்புறம்? அதே ஓகோரோட்னிக் சில வருடத்தில் அதே இந்திய முகாமுக்குப் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 4x400 தங்கம் வாங்கியபோது பயிற்சி அவருடையதுதான். ஊக்கமருந்து விதியின்கீழ் குற்றம் நிரூபணமாகாத ஒருவருக்குத் திரும்ப வேலை கொடுப்பது தப்பில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த இஞ்சியோன் அணியில் ஓடிய பிரியங்கா பன்வர் பழைய ஆறு பேரில் ஒருவர். 2016இல் மறுபடி மாட்டி எட்டு வருடத் தடை வாங்கினார். ஒரு பெண் ரெண்டு தடவை மாட்டுகிறார் என்றால், ரெண்டு தடவையும் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று கேட்க வேண்டாமா? மருந்து எங்கே கிடைத்தது? யார் காசு?

வாடா கணக்குப்படி 2023இல் இந்தியாவில் 5,606 மாதிரிகளில் 213 மாட்டின. 2024இல் 7,113இல் 260. இவ்வளவு அதிகமாகச் சோதிக்கிற நாடுகளில் இதைவிட மோசமான விகிதம் யாருக்கும் இல்லை. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருத்தர்தான் ஓடினார். மற்றவர்களைக் காணோம். ஸ்டேடியம் கழிப்பறையில் சிரிஞ்சுகள் கிடந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நூறு மீட்டரைவிட வாசலுக்கு வேகமாக ஓடியவர்களை நினைத்துச் சிரித்தோம். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. மாநில அளவுப் போட்டியில் ஓடுகிற பையனுக்குச் சிரிஞ்சு எட்டுகிறதென்றால், அந்தக் கடை எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்?

பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் ரஞ்சன்குடியில் கோட்டையைத் தாண்டி நாற்கர சாலை ஓரம், விடிகாலையில் பத்துப் பதினைந்து பையன்கள் ஓடுவார்கள். ஒலிம்பிக் கனவெல்லாம் கிடையாது. போலீஸ் செலக்‌ஷன், 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒருத்தனுக்கு, "இதைப் போட்டா மூச்சு வாங்காதுடா தம்பி" என்று ஊசி சிபாரிசு செய்யப்பட்டது. செய்தவர் டாக்டர் இல்லை. அவன் பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டான். அவன் ஒரு வேலைக்காக ஓடுகிறான். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பி ஓடுகிற பெண்ணும் அதற்காகத்தான் ஓடுகிறாள். ஒரு பதக்கத்தில் ஒரு குடும்பத்தின் கடன், வீடு, தம்பி படிப்பு எல்லாம் தொங்கும்போது, "இதைக் குடி, நல்லது" என்று ஒரு அண்ணனோ சாரோ நீட்டினால் டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்து மறுக்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? சார் நீட்டியதை மறுத்தால் அடுத்த முகாமில் பெயர் இருக்குமா?

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 2025 ஜூலையில் இளையோர் தேசியப் பயிற்சியாளர் ஒருவரையே நாடா தற்காலிகமாக நீக்கியது. நல்லது, இன்னும் வேகமாகப் போகட்டும். ஆனால் அது செய்தியானதே அபூர்வம் என்பதால்தான். மாதாமாதம் தடைப் பட்டியல் வருகிறது, எடுத்துப் பாருங்கள். பெயர், விளையாட்டு, மருந்து, எத்தனை வருடம். மருந்து வந்த வழிக்கு அதில் கட்டமே கிடையாது. ஒரு பையன் மாட்டினால் அந்த வாரமே அவன் பயிற்சியாளரின் மற்ற பிள்ளைகளையும் சோதிக்கட்டும். சீட்டில்லாமல் ஸ்டிராய்டு விற்ற கடையின் லைசென்ஸ் போகட்டும். அதற்கு விளையாட்டுத் துறை வேண்டாம், மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் போதும். 1998இல் பிரான்சில் காரைத் திறந்ததும் விளையாட்டு அதிகாரி இல்லை, சாதாரணச் சுங்கக்காரர்தான்.

கோமதியின் தடை 2023 மே 16ஆம் தேதியோடு முடிந்தது. ஓடி முடித்துத் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது முப்பது. நாண்ட்ரோலோன் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் நமக்குச் சொல்லவில்லை.