ஒரு கட்டைவிரல் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள் ஒருத்தி, தான் எழுதிய சிறுகதையைப் போன மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். இன்று அவளுக்கே கல்லூரிக்குப் போகும் பையன் இருக்கிறான். ரேஷன் கடை வரிசையில் நிற்கும் மாமியார், மருமகள் கதை. இரண்டு முறை படித்தேன். பேசாமலே இருந்த மருமகள் கடைசியில் மாமியார் கையிலிருந்த அரிசிப் பையை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கண் கலங்கிவிட்டது. நான் அனுப்பிய பதில் என்ன தெரியுமா? ஒரு கட்டைவிரல் படம்.

பத்து நாள் கழித்துச் சந்தையில் எதிரே வந்தாள். "கதை படிச்சீங்களா டீச்சர்?" என்றாள்.

"ரெண்டு தடவை படிச்சேம்மா. அழுதுட்டேன்."

அவள் முகம் மாறியது. "அப்படியா டீச்சர்? உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அடுத்த கதையைப் பாதியிலேயே விட்டுட்டேன்."

அன்று இரவு எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஏன் நாம் சொல்வதில்லை? சாம்பாரில் உப்பு குறைந்தால் உடனே சொல்கிறோம். நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்கிறோமே தவிர வாய் திறப்பதில்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தலைக்கனம் வந்துவிடும், கண் பட்டுவிடும் என்று வளர்ந்தவர்கள் நாம். கோபம் வந்தால் மட்டும் கை தானாக எழுதும். 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வந்தபோது, அந்தத் தாய் செய்தது சரியா என்று வாசகர்கள் கொதித்து எழுதினார்கள். அந்தச் சர்ச்சையிலிருந்துதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. கல்கியும் 'பொன்னியின் செல்வ'னை முடித்த பிறகு, அவர் பின்னால் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கெல்லாம் முடிவுரையில் பதில் சொன்னார். வாசகர் எழுதினால் எழுதுபவரின் கை நகர்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதில் என் பங்கும் இருக்கிறது. "எனக்கு எழுத வராது, தப்பாயிடும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அந்தப் பயத்தை யார் கொடுத்தது? நாங்கள்தான். கட்டுரை நோட்டில் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் சுழித்தோம். பிழை இல்லாத பக்கத்தில் ஒரு 'சரி', கையெழுத்து, தேதி. "உன் ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதினாயே, நன்றாக இருந்தது" என்று எத்தனை பிள்ளைகளுக்கு எழுதினேன்? ஐம்பது நோட்டு திருத்த வேண்டும், நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த 'சரி'தான் இன்று கட்டைவிரலாகி என் கைப்பேசியில் உட்கார்ந்திருக்கிறது.

எல்லோரும் எதையாவது சொல்லியே ஆக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. சில கதைகள் வாயடைக்க வைத்துவிடும், அந்த மௌனத்தில் குறை இல்லை. ஆனால் தெருக்கூத்து ஆடுகிறவருக்கு எதிரே இருக்கும் முகங்கள் தெரியும். வகுப்பில் பாடம் நடத்திய எனக்கும் தெரியும். எழுதுபவருக்கு யார் முகமும் தெரியாது. உங்கள் மௌனம் கண்ணீரா கொட்டாவியா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

'அருமை', 'சூப்பர்' என்று போடுவதும் இன்னொரு கட்டைவிரல்தான். எந்த இடம் பிடித்தது என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் எங்கே நெருடியது என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். சிவப்பு மைப் பேனாவை நான் எப்போதோ மூடி வைத்துவிட்டேன்.

சந்தையிலிருந்து வந்த அன்றே அவளுக்கு எழுதினேன். அரிசிப் பை கை மாறும் இடத்தைப் பற்றி மூன்றே வரி. நேற்று அந்தப் பாதிக் கதை வந்தது. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருக்கிறதாம்.

நீங்கள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்த கதை ஒன்று இருக்குமே? எழுதியவருக்கு இன்றைக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.