தடுப்பூசி நாளில் விதைப்பையையும் தொட்டுப் பாருங்கள்

விதை இறங்காத பையனை ஐந்தாறு வயதில் அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "வளர வளரத் தானா இறங்கிடும்னு சொன்னாங்க." சொன்னவர் சில வேளை பாட்டி, பல வேளை ஒரு மருத்துவர்.

தானாக இறங்குவது உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3 சதவீதத்தினருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் 30 சதவீதம் வரையிலும் விதை இறங்கியிருப்பதில்லை. முதல் சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரான் உயரும்போது பலருக்கு இறங்கிவிடுகிறது. ஆறு மாதத்துக்குப் பின் அது அரிது. விந்தணுக்களின் மூலச்செல்கள் முதிரத் தொடங்குவதும் முதல் ஆண்டில்தான்; வயிற்றின் சூட்டில் அந்த முதிர்ச்சி தடைபடுகிறது. சிறுவயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 17,000 ஸ்வீடன் ஆண்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. பதின்மூன்று வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு விதைப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.23 மடங்கு, அதற்குப் பின் என்றால் 5.40 மடங்கு.

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் தெளிவானது: ஆறு மாதத்தில் இறங்காவிட்டால் நிபுணரிடம் அனுப்புங்கள், பதினெட்டு மாதத்துக்குள் ஆர்க்கிடோபெக்ஸி முடியட்டும். குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயதைக் கொள்ள வேண்டும். ஹார்மோன் ஊசி வேண்டாம். அனுப்புமுன் ஸ்கேனும் வேண்டாம். கைக்குப் படாத விதையை அல்ட்ராசவுண்ட் பாதிக்கும் மேற்பட்ட வேளைகளில் கண்டுபிடிப்பதில்லை. "விதை காணப்படவில்லை" என்ற அறிக்கையை விதையே இல்லை என்று படித்துவிட்டுக் குடும்பம் வீட்டோடு இருந்துவிடுகிறது. உள்ளதா இல்லையா என்பதை லேப்பராஸ்கோப்பிதான் சொல்லும்.

நம் தடுப்பூசி அட்டவணை இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பதினான்காம் வாரம் முதல் பார்வை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு வரும்போதும் இறங்கவில்லையென்றால் அன்றே அனுப்பும் கடிதம். பதினாறாம் மாத ஊசி வரை விட்டால் நேரம் ஏறக்குறைய முடிந்துவிடும். கையைச் சூடாக்கிக்கொண்டு, விரலில் சோப்பு நீர் தடவி, இடுப்பெலும்பிலிருந்து விதைப்பை நோக்கி நீவினால் போதும். கீழே கொண்டுவந்த விதை விட்டதும் அங்கேயே சற்று நின்றால் அது தசை இழுப்பினால் மேலேறியது. அறுவை வேண்டாம், ஆனால் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். சில பின்னாளில் மேலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டு விதைகளும் கைக்குப் படாத பச்சிளம் குழந்தைக்கு மட்டும் இந்த ஆறு மாதக் கணக்கு பொருந்தாது. அது பிறவி அட்ரினல் சுரப்பிக் கோளாறு கொண்ட பெண் குழந்தையாக இருக்கலாம்; உப்பிழப்பு உயிரைப் பறிக்கும். சோடியம், பொட்டாசியம், 17-ஹைட்ராக்ஸிபுரொஜெஸ்டிரான், குரோமோசோம் பரிசோதனைகள் முடிவாகாமல் அந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.