அஸீஸ் யாருடைய ஆள்?

 

போன வாரம் வகுப்பில் மலையகத் தொழிற்சங்கங்கள் பற்றிப் பேச்சு வந்தது. நடேசய்யர், தொண்டமான் என்று பிள்ளைகள் பெயர் சொன்னார்கள். நான் "அப்துல் அஸீஸ்" என்றேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "எங்கட ஆளா சேர்?"

அவனைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் கலாசாலைக்குப் போகும்வரை எனக்கும் அந்தப் பெயர் தெரியாது.

1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் இணைச் செயலாளர்களில் ஒருவர் அஸீஸ். பிறகு அதன் தலைவராகவும் இருந்தார். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் போனது. அதை எதிர்த்து 1952இல் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தபோது அஸீஸ் முன்னணியில் நின்றார். தமிழ் அவருடைய தாய்மொழி அல்ல. லயத்தில் பிறந்தவரும் அல்ல. அவரை நம்பிச் சந்தா கட்டிய தொழிலாளர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்களும் அல்ல.

அவரை அவுலியாவாக்க நான் எழுதவில்லை. 1950களின் நடுவில் தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். அந்தப் பிளவால் தொழிலாளரின் பலமும் இரண்டானது. 1970இல் நியமன எம்.பி. ஆனார். அந்த ஆட்சியில்தான் 1973, 74 காலத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. ஆளும் தரப்பில் இருந்தவரிடம் அதற்குக் கணக்குக் கேட்பது நியாயம்தான்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ தோட்டச் சனங்கள் சம்பள நாளில் டவுனுக்கு வந்தால்தான் எங்கட கடைகளில் வியாபாரம். அவர்களுடைய கொப்பி எங்களிடம் கடனில் ஓடுகிறது. அவர்களின் பிள்ளைகள் எங்கட பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஆனால் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக அவர்கள் வருடக்கணக்காய்ப் போராடி, 2021இல்தான் அதைப் பெற்றார்கள். அத்தனை வருடமும் நாங்கள் "அது அவங்கட பிரச்சினை" என்றுதானே இருந்தோம்? எங்கள் ஜும்ஆ மேடைகளில் எத்தனை தடவை அதைப் பேசினோம்? கூலியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸ் எங்களுக்கு மனப்பாடம்தானே?

அஸீஸை "எங்கட ஆள்" என்று பெருமைப்பட்டுப் படம் போடுவது லேசு. அவர் செய்ததைச் செய்வதுதான் கஷ்டம். அவர் யாருடைய ஆள் என்று பார்த்து வேலை செய்யவில்லை.

அந்த மாணவனிடம், "ஓம் மகன், எங்கட ஆள்தான். பக்கத்தில் இருக்கிறவனுக்கும் அவர் ஆள்தான்" என்றேன். பக்கத்தில் இருந்தவன் தோட்டத்துப் பிள்ளை. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

ஒரு வேண்டுகோள். அந்தக் காலச் சங்கக் கூட்டங்களைக் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.