காரில் சப்வூஃபர் பொருத்துமுன்

நம் குடும்பங்களில் கார் இன்று வெறும் வாகனமாக மட்டும் இருப்பதில்லை. நெடும் பயணங்களில் அதுவே நம் வீட்டுக் கூடமாகவும் அமைந்துவிடுகிறது. குடும்பத்தார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து பாடல் கேட்பதும் பல வேளைகளில் அங்கேதான். ஆயினும், நாம் நன்கறிந்த பாடல் ஒன்றைக் காரில் கேட்கும்போது, அதில் ஏதோ ஒன்று குறைவதை உணர்கிறோம். பாடகரின் குரல் தெளிவாக இருக்கிறது. வயலினும் புல்லாங்குழலும் குறைவின்றி ஒலிக்கின்றன. ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் கும்மென்ற நாதமும், இளையராஜாவின் பாடல்களில் அடியோட்டமாகச் செல்லும் பாஸ் கிதாரின் நடையும் செவிக்கு எட்டுவதில்லை. ஒலியைக் கூட்டிப் பார்க்கிறோம். குரல் இரைச்சலாகிறதே தவிர, இல்லாதது வந்து சேர்வதில்லை.

இந்த நிலையில்தான் பிள்ளைகள், "ஒரு சப்வூஃபர் வைத்துவிடலாம்" என்கிறார்கள். பெற்றோரின் மனக்கண்ணிலோ, தெருவையே அதிரவைத்துக்கொண்டு செல்லும் கார் ஒன்று தோன்றுகிறது. "அதெல்லாம் வேண்டவே வேண்டாம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இரு சாராரும் முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்ளுதல் நன்று. ஒலியின் நிறைவு வேறு. ஒலியின் உரப்பு வேறு. சப்வூஃபர் நிறைவுக்காக ஏற்பட்ட கருவி. அதனை உரப்புக்காகப் பயன்படுத்தும்போதுதான் தொல்லைகள் பிறக்கின்றன.

குறை எங்கே இருக்கிறது?

மனிதச் செவி, நொடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. நொடிக்கு ஓர் அதிர்வையே ஒரு ஹெர்ட்ஸ் என்கிறோம். பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பெரிய தேவாலயங்களிலுள்ள குழாய் ஆர்கனில் 16 அடி நீளக் குழாய் எழுப்பும் ஒலி ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ். பாதத்தின் அடியிலிருந்து எழுவதுபோல் நாம் உணரும் அந்த ஆழ்ந்த ஒலிகளே இசைக்கு அடித்தளம்.

இத்தகைய ஒலியை எழுப்ப, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே அளவு உரப்பைப் பெறக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும் என்பது இயற்பியல் விதி. 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்றால், 50 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர், 25 ஹெர்ட்ஸில் பதினாறு மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். கதவில் பொருத்தப்பட்ட சிறு ஸ்பீக்கர் இதற்கு எங்ஙனம் ஈடுகொடுக்கும்?

மின்திறனும் குறைவே. டாஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவில் 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டு அது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 15 முதல் 20 வாட் மட்டுமே. அன்றியும், சிறு ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடாதிருக்கும்பொருட்டு, ஒலியைக் கூட்டக் கூட்ட ஆழ்ந்த ஒலிகளைத் தானாகவே குறைக்கும் ஏற்பாடும் பல கார்களில் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டுள்ளது.

நம் செவியின் இயல்பும் இதில் சேர்கிறது. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் செய்த ஆய்வு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. ஒலி மெல்லியதாக இருக்கும்போது, ஆழ்ந்த ஒலிகளை உணர்வதில் நம் செவி மந்தமாகிவிடுகிறது. ஆகவேதான் பாடல் நிறைவாகக் கேட்க வேண்டுமென்று நம் கை ஒலியைக் கூட்டும் குமிழைத் தேடிச் செல்கிறது. ஆழ்ந்த ஒலியைத் தனியே ஒரு கருவி தாங்கிக்கொள்ளுமாயின், குமிழைக் கூட்டாமலே பாடல் நிறைவு பெறும். முறையாகப் பொருத்திய சப்வூஃபர், காரின் ஒலியைக் குறைத்துக் கேட்கவே நமக்கு உதவும் என்று கூறினால் அது மிகையன்று.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இதற்கெனத் தொழிற்சாலை ஸ்டீரியோவைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. இன்றைய கார்களில் அது பின்பக்கக் கேமரா, தொலைபேசி, ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தான்கள் ஆகியவற்றோடு பிணைந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, கதவு ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பிகளிலிருந்தே ஒலிச் சைகையை எடுத்துக்கொள்ளலாம். இக்கம்பிகளை நேரடியாக ஏற்கும் இணைப்பு, இன்று பெரும்பாலான சப்வூஃபர்களில் உண்டு. இல்லாதவற்றுக்குச் சைகையின் அளவைக் குறைத்துத் தரும் சிறு மாற்றிப் பெட்டி ஒன்று தேவைப்படும். கம்பிகளை வெட்டாமல், அந்தக் காருக்கென்றே கிடைக்கும் கப்ளர் மூலம் இணைப்பது நலம். வாரண்டியைப் பற்றிய வழக்கு எழாது. பின்னாளில் காரை விற்கும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரவும் எளிது.

சப்வூஃபர்களில் இரு வகைகள் நம் கவனத்துக்குரியவை. ஒன்று, இருக்கையின் அடியில் அடங்கும் தட்டையான பெட்டி. ஆம்ப்ளிஃபயர் அதனுள்ளேயே இருக்கும். மற்றொன்று, டிக்கியில் வைக்கும் மரப்பெட்டியும் தனி ஆம்ப்ளிஃபயரும். கார் சிறியதும் மூடியதுமாகிய அறையாதலால், ஆழ்ந்த ஒலிகள் அதனுள் இயல்பாகவே வலுப்பெறும். எனவே பயணப் பெட்டிகளுக்கும் குழந்தையின் தள்ளுவண்டிக்கும் டிக்கி தேவைப்படுகிற குடும்பத்துக்கு முதல் வகையே பெரும்பாலும் போதுமானது.

டிக்கியில்தான் வைப்பது என்று முடிவு செய்தால், முற்றிலும் மூடிய பெட்டியையே நாம் பரிந்துரைப்போம். 1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஒரு வில்லாகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த ஒலியைப் பெறலாம் என்று செய்து காட்டினார். துளையிட்ட பெட்டி அதே மின்திறனுக்கு மேலும் உரத்து ஒலிக்கும். ஆனால் இடத்தை அதிகம் அடைக்கும். எவ்வகைப் பெட்டியாயினும், பட்டைகளால் இறுகக் கட்டப்பட வேண்டும். திடீரென்று பிரேக் போடும்போதோ மோதலின்போதோ, கட்டப்படாத பெட்டி பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் மீதே வந்து விழும்.

விலை குறைக்கக் கூடாத ஓரிடம்

இவ்வேலையில் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது பேட்டரியிலிருந்து வரும் மின்கம்பி. சப்வூஃபரின் மின்சாரத்தை ரேடியோவின் கம்பியிலிருந்து எடுத்தல் ஆகாது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 150 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர், தான் பெறும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை ஒலிக்கான ஆற்றலாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். அது பேட்டரியிலிருந்து சுமார் 190 வாட் பெற வேண்டும். அதாவது, ஏறத்தாழ 14 ஆம்பியர். இதற்கெனத் தனிக் கம்பி பேட்டரியிலிருந்தே வர வேண்டும்.

அந்தக் கம்பியில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்ப்ளிஃபயரில்தான் ஏற்கெனவே ஃபியூஸ் உள்ளதே என்று சிலர் வாதிடுவர். ஆம்ப்ளிஃபயரிலுள்ள ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பது. பேட்டரியருகே உள்ள ஃபியூஸ், காரின் நீளம் முழுவதும் விரிப்பின் அடியில் ஓடும் கம்பியைக் காப்பது. அக்கம்பியின் உறை எங்கேனும் தேய்ந்து காரின் இரும்புடலைத் தொட்டுவிட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே பாய்ச்சும். ஃபியூஸ் இருந்தால் அது அறுந்து, காரியம் அங்கேயே முடியும். இல்லாவிட்டால் கம்பி பழுக்கக் காய்ந்து, விரிப்பும் இருக்கையும் தீப்பற்றும். சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தியதற்கு, குடும்பம் அமர்ந்திருக்கும் வண்டியையே விலையாகக் கொடுக்கலாமா?

ஆகவே, வேலையை ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் ஒப்படைக்கும்போது அருகிலிருந்து இவற்றைக் கவனியுங்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றப்பட வேண்டும். என்ஜின் பகுதியிலிருந்து உள்ளே வரும் துளையில், கம்பியின் உறை அறுபடாதவாறு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். எர்த் கம்பி குறுகியதாய், பெயின்ட் சுரண்டப்பட்ட இரும்பின்மீது இறுக முடுக்கப்பட வேண்டும். எர்த் சரியில்லாவிடில், என்ஜினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். ஒலிச் சைகைக் கம்பி ஒரு பக்கமும், மின்கம்பி மறு பக்கமுமாகச் செல்லுதல் நன்று. கம்பி வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேளுங்கள். தாமிர முலாமிட்ட அலுமினியக் கம்பி கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதே தடிப்பில் அது தாங்கும் மின்னோட்டம் குறைவு.

இருக்கையின் அடியில் மஞ்சள் நிறக் கப்ளர்கள் தென்பட்டால் அவற்றைத் தொடலாகாது; அவை பெரும்பாலும் ஏர்பேக்கினுடையவை. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிரைப் போக்கவல்ல மின்னழுத்தம் உடையவை. அவற்றின் அருகே செல்லவே கூடாது.

உப்பைப்போல் ஓர் அளவு

பொருத்தி முடித்தபின் அளவு வைப்பதே கலை. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலிகளைச் சப்வூஃபர் ஏற்க வேண்டும் என்பதைக் குறிக்கும் குமிழை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துத் தொடங்கலாம். அதற்குக் கீழுள்ள ஒலிகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்று செவி எளிதில் அறியாது. எனவே பெட்டி பின்னால் இருந்தாலும், பாடல் முன்னாலிருந்து வருவதாகவே தோன்றும். அடுத்து, 0, 180 என்று குறித்த விசை ஒன்று இருக்கும். இரு நிலைகளிலும் கேட்டு, ஆழ்ந்த ஒலி எதில் நிரம்பி வருகிறதோ அதில் விட்டுவிடுங்கள். கெயின் எனப்படும் குமிழ் உரப்பைக் கூட்டுவதற்கன்று. ஸ்டீரியோவின் சைகையோடு ஆம்ப்ளிஃபயரைப் பொருந்தச் செய்வதற்கே. சற்றே கூட்டி, ஆழ்ந்த ஒலி தனித்துத் தெரியத் தொடங்கியதும் சிறிது குறையுங்கள்.

சரியான அளவுக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. சப்வூஃபர் ஒலிக்கும்போது அது இருப்பதே தெரியக் கூடாது. நிறுத்தினால் மட்டும் குறை தெரிய வேண்டும். குழம்பில் உப்பும் அப்படித்தானே? உப்பு தனியே நாவில் தெரிந்தால், சமையல் கெட்டது என்று பொருள்.

இந்த அளவு சுவைக்காக மட்டுமன்று. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்றும் வரம்பு கூறுகிறது. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் காலம் பாதியாகக் குறைய வேண்டும். அக்கணக்கின்படி, 92 டெசிபெல்லில் பெரியவர்களுக்கே வாரத்தில் இரண்டரை மணி நேரந்தான் அனுமதி. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால், மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. "சத்தம் அதிகம்" என்று சொல்லத் தெரியாத மழலை பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதன் செவிக்கும் சேர்த்துப் பொறுப்பு முன்னிருக்கையில் இருப்பவருடையதே. அருகிலிருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறதா? ஒலி வரம்பைக் கடந்துவிட்டது என்று உடனே அறிந்துகொள்ளலாம். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும் ஓட்டுநருக்குக் கேட்டாக வேண்டும்.

ஆழ்ந்த ஒலிக்கு மற்றோர் இயல்பும் உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டால் குரல் வெளியே கேட்பது குறையும். ஆழ்ந்த ஒலியோ கதவையும் சுவரையும் ஊடுருவிச் செல்லும். நமக்குப் பாடலாக இருப்பது, வெளியே நிற்பவருக்கு வெறும் அதிர்வாகவே எட்டுகிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பிட்டுள்ளன. தெருமுனை திரும்பியதும் ஒலியைக் குறைத்துக்கொள்ள, விதியை எடுத்துக்காட்டிப் பிறர் நமக்கு நினைவூட்ட வேண்டுமா? அங்கே நோயாளி ஒருவர் உறங்க முயன்றுகொண்டிருக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவி இருக்கலாம்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஆரவாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாடலில் எது குறைகிறது என்று உணரும் செவி, வளர்க்கத் தக்க செவியே. அவர்களோடு அமர்ந்து பொருளைத் தேர்ந்தெடுங்கள். பொருத்தும் இடத்துக்கும் சேர்ந்து செல்லுங்கள். புதிதாகச் சேர்த்த கருவியைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு சொல். தொழிற்சாலை விட்டுச்சென்ற குறையை நிரப்புங்கள். அந்த அளவோடு நின்றுகொள்ளுங்கள். ஃபியூஸ் தன் இடத்திலும், குமிழ் தன் அளவிலும் இருக்குமாயின், அந்தக் காரில் பாட்டியும் பேரனும் அருகருகே அமர்ந்து ஒரே பாடலை மகிழ்ந்து கேட்கலாம்.