இரண்டு பக்கச் சங்கீதம்

விரல்கள் எவ்வளவு விரைந்து ஓடுகின்றனவோ, அவ்வளவிற்குப் பியானோ வாசிப்பும் மேன்மையுடையதென்று நம் மாணவருட் பலர் எண்ணுகின்றனர். எஸ்தோனியா தேசத்து ஆர்வோ பார்ட் 1976-ஆம் ஆண்டில் இயற்றிய "ஃபூர் அலீனா" என்னும் சிறு உருப்படியை அவர்கள் ஒருமுறை கேட்பாராக. "அலீனாவுக்காக" என்பது அதன் பொருள். அச்சில் அது இரண்டே பக்கம். தாளக்குறியும் அதிற் கிடையாது.

1935-இல் பிறந்த பார்ட், இளமையில் அக்காலத்துப் புதுமுறைச் சங்கீதத்திற் கைதேர்ந்தவர். கிறிஸ்துவின்மேலுள்ள விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிடும் அவருடைய "கிரேதோ" 1968-இல் அரங்கேறிற்று. சோவியத் அதிகாரிகள் அதைச் சகிக்கவில்லை. பின்னர்ச் சுமார் எட்டு வருஷம் அவர் எழுதியவை மிகச் சிலவே. பழைய மேற்றிசைத் திருச்சபையின் ஒற்றைக்குரற் கீதங்களை ஒரு மாணாக்கனைப்போற் கற்றுவந்தார். அம்மௌனத்தின் பயனே இவ்வுருப்படி.

தொடக்கத்தில் மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் "பி" என்னும் ஸ்வரம் ஒலிக்கிறது. பெடலை மிதித்தபடியே இருப்பதால் அவ்வொலி நெடுநேரம் அடங்குவதில்லை. அதன்மேல் வலக்கை இரண்டு ஸ்வரம், அடுத்து மூன்று, அடுத்து நான்கு என எட்டுவரை வளர்ந்து, மீண்டும் அவ்வாறே குறைந்து இரண்டில் அடங்குகிறது. இடக்கைக்கோ சுயேச்சையே இல்லை. பி, டி, எஃப்-ஷார்ப் என்னும் மூன்றனுள், வலக்கை ஸ்வரத்திற்குக் கீழே அண்மையில் உள்ளதையே அது தொடவேண்டும். ஒரே ஓரிடத்தில் மட்டும் இடக்கை விதியை மீறிச் சி-ஷார்ப்பைத் தொடுகிறது. பெடலும் அங்கே விடப்படுகிறது. அவ்விடத்தில் ஆசிரியர் ஒரு சிறு மலரை வரைந்திருக்கிறார்! அவ்வளவு கட்டுப்பாட்டின் நடுவே நிகழ்வதால் அன்றோ அவ்வொரு ஸ்வரம் நம் நெஞ்சைத் தைக்கிறது? ஆயிரம் ஸ்வரங்கள் உருண்டோடும் உருப்படியில் அதனை யார் கவனிப்பார்?

"பழகத் தொடங்கிய சிறுவனும் இதனை வாசிப்பானே" என்பாருமுண்டு. மெய்தான், ஸ்வரங்களை அவன் தொட்டுவிடுவான். ஆனால் விரைந்தோடும் உருப்படியில் ஒரு விரல் சற்று அழுந்தினால் அது மறைந்துபோம். இங்கே மறைய இடமில்லை. ஒவ்வொரு ஒலியும் தேயும்வரை பொறுத்திருந்து, அடுத்ததை அதற்கேற்ற மென்மையுடன் எழுப்பவேண்டும். தேர்ந்த வித்துவான்களும் இதில் அவசரப்படுவதுண்டு.

1999-இல் வெளிவந்த இசைத்தட்டில் அலெக்ஸாந்தர் மால்தர் இதனைப் பத்து நிமிஷத்திற்கு மேலாக விரித்து வாசித்துள்ளார். அதனைப் போற்றுவோர் பலர். எனக்கோ, எழுதியபடியே இரண்டு மூன்று நிமிஷத்தில் முடியும் வாசிப்பே உகந்தது.