பட்டுக்கு எத்தனை பவுன்?

நகை, புடவை விஷயத்தில் இவருக்கு என்ன பேச்சு என்று சகோதரிகள் நினைக்கலாம். நியாயம்தான். ரயில்வேயில் பாலங்களைப் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பதே என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

சென்ற பொங்கல் விழாவுக்கு, ஆண்டுதோறும் நம் மேடை முன் கோலம் போடும் பெண் வரவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய விழாவில் அவர் காஞ்சிப் பட்டு உடுத்தி, மெல்லிய சங்கிலியும் சின்ன ஜிமிக்கியுமாக வந்திருந்தார். "என்னம்மா, பட்டைக் கட்டிக்கிட்டு கழுத்து இப்படி வெறிச்சுனு இருக்கே?" என்று யாரோ கேட்டுவிட்டார்கள். கேட்டவர் அன்றே மறந்திருப்பார். அந்தப் பெண் மறக்கவில்லை. சொந்த ஊரில் என்றால் கோயில், உறவு என்று போக நாலு இடம் உண்டு. இந்தக் கரக்பூரில் தமிழ் பேசி மகிழ நமக்கு இருப்பது இந்தச் சங்கம் ஒன்றுதான். நகைக்குப் பயந்து ஒரு குடும்பம் இங்கே வராமல் இருக்கலாமா?

பட்டு என்றால் கனத்த நகைதான் பொருத்தம் என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அசல் சரிகை என்பது என்ன? பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஆக, புடவையே ஒரு நகை. அகலக் கரையும் கனத்த முந்தானையும் உள்ள புடவைக்குக் கழுத்தை ஒட்டிய ஒரு அட்டிகை போதும். அதன்மேல் ஆரமும் காசுமாலையும் போட்டால் சரிகையும் தெரியாது, நகையும் எடுபடாது. கரை சிறுத்த கட்டம் போட்ட பட்டுக்கு ஒற்றை வடத்தில் நீண்ட மாலை அழகு. அரக்கு, பச்சைப் பட்டுக்குக் கெம்பு. வெளிர் நிறத்துக்கு முத்து. பழைய சரிகைப் புடவையோடு கூர்மையான முனையுள்ள வளையல் வேண்டாம், இழையை இழுத்துவிடும்.

நம் முன்னோர் பாரம் அறிந்தவர்கள். மாட்டலைப் பாருங்கள். ஜிமிக்கியின் எடை முழுவதும் காதுத் துளையில் இறங்காமல், ஒரு பங்கைத் தலைமுடிக்குக் கொண்டுபோகிறது. தொங்குபாலத்தின் தத்துவமே அதுதான். மாட்டல் இல்லாமல் பல வருஷம் கனத்த ஜிமிக்கி அணிந்ததில் என் மனைவியின் காதுத் துளை நீண்டு, கடைசியில் டாக்டரிடம் போய்த் தையல் போட நேர்ந்தது.

"தங்கம் பெண்ணுக்குப் பாதுகாப்பாயிற்றே" என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு பெட்டியில் இருந்தால் போதும், கழுத்தில் தொங்க வேண்டியதில்லை. என் மகள் கல்யாணத்துக்குச் சேமநிதியில் பணம் எடுத்து ஆரம் செய்தேன். அவள் அணிந்தது இரண்டே முறை. மற்ற நாளெல்லாம் வங்கி லாக்கரில். பாதியை நாணயமாக வாங்கியிருந்தால் அந்தப் பாதிக்கான செய்கூலி, சேதாரத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

லேசான நகை வாங்குவோருக்குச் சில வார்த்தைகள். உள்ளே கூடாக உள்ள நகை பார்வைக்குப் பெரிது, எடையில் சிறிது. ஆனால் நசுங்கினால் செப்பனிடுவது கடினம். தினமும் அணிய அது வேண்டாம். கல் பதித்ததற்குக் கல்லின் எடையைத் தனியாகக் கழித்து ரசீது கேளுங்கள். 22 காரட் என்றால் 916, 18 காரட் என்றால் 750 என்று முத்திரை இருக்கும். 18 காரட்டில் கலப்பு உலோகம் அதிகம் என்பதால் கெட்டி; கல் பதிக்க ஏற்றது. 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டது. நகையில் ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்க வேண்டும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. சின்ன மூக்குத்தி, தோடு வாங்கும்போது ரசீதுதான் துணை.

நம் வங்காளி அண்டை வீட்டாரைப் பாருங்கள். கல்யாணமான பெண் கையில் வெள்ளைச் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் இருந்தால் பனாரஸ் பட்டுக்கு அதுவே களை. இருப்பவர் வீட்டிலும் இல்லாதவர் வீட்டிலும் அதே ஜோடிதான். அதைப் பார்த்து யாரும் எடை கேட்பதில்லை.

நாமும் "எத்தனை பவுன்?" என்ற கேள்வியைச் சங்க வாசலிலேயே விட்டுவிடுவோம். "எந்த ஊர் நெசவு?" என்று கேட்போம். சித்திரை விழாவுக்கு முன் நிர்வாகக் குழுச் சகோதரிகள் இருவர் அந்தப் பெண் வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். கோலப்பொடி நான் வாங்கி வைக்கிறேன்.